சனத்தைப் பார்க்கிற வேலை

போன மாதம் ரியூசன் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "மிஸ், கணக்கு நல்லா வந்தா எஞ்சினியர், வங்கி, எக்கவுண்டன் விட்டா வேற என்ன வேலை இருக்கு?"

ஓ.எல். சோதனை கிட்ட வந்துவிட்டது. கரும்பலகையில் இருபடிச் சமன்பாடு அரைவாசியில் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பிக்கிற எல்லோரிடமும் இந்தக் கேள்விக்கு ஆயத்தமாக ஒரு பதில் இருக்கும். எனக்கு அன்றைக்கு என்ன வந்ததோ, "ஹொலிவூட்டில ஸ்டூடியோ நடத்தலாம்" என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. கேட்ட பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. நான் பகிடிதான் விட்டேன், ஆனால் பொய் சொல்லவில்லை. அப்படி நடத்திய ஒரு கணக்கு ரீச்சரை எனக்குத் தெரியும். வாசித்துத் தெரியும், அவ்வளவுதான்.

அவர் பெயர் ஷெரி லான்சிங். 1944இல் சிக்காகோவில் பிறந்தவர். 1966இல் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்துவிட்டு லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய், அங்கே வாட்ஸ் பகுதியில் அரசாங்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தார். கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த ஏழைப் பகுதி அது. 1965இல் அங்கே மூண்ட கலவரத்தின் கரி இன்னும் சுவர்களில் காயாத நேரம். அந்த ரீச்சர் 1980 ஜனவரியில் ட்வென்டியத் செஞ்சுரி ஃபொக்ஸின் படத்தயாரிப்புத் தலைவர். வயது முப்பத்தைந்து. பிறகு 1992இலிருந்து பன்னிரண்டு வருடத்துக்கு மேல் பரமவுண்ட் ஸ்டூடியோவின் தலைமைக் கதிரையில் இருந்தார். படம் தொடங்க முன் ஒரு மலையும் அதைச் சுற்றி நட்சத்திரங்களும் வருமே, அந்தக் கொம்பனிதான்.

அவரைப் பற்றி வாசிக்க வாசிக்க எனக்கு வேறொரு மனுசியின் முகம்தான் வந்துகொண்டிருந்தது. கோண்டாவிலில் டெக், அதுதான் வீடியோ கசற் போடுகிற மெசின், வாடகைக்கு விட்ட என் பெரியம்மா. இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். ஒருவர் கோடிக் கணக்கில் டொலரை விட்டு எடுத்தவர், மற்றவர் மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில் அளந்தவர். இருந்தாலும் ஸ்டூடியோத் தலைவர் என்ற வேலையில் என்னதான் செய்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியது பெரியம்மாவால்தான்.

முதலில் லான்சிங். பள்ளிக்கூடத்தை விட்டபின் அவருக்குக் கிடைத்தவை முகத்தைப் பார்த்து வந்த வேலைகள். அழகுசாதனக் கொம்பனி விளம்பரங்களில் மொடலாக நின்றார். 1970இல் இரண்டு படங்களில் நடித்தார். அவற்றில் ஒன்று ஜோன் வெய்ன் நடித்த குதிரையும் துவக்குமான படம். தன் நடிப்பு தனக்கே பிடிக்கவில்லை என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வடிவான முகமும் கையில் வாய்ப்பும் இருக்கும்போது "எனக்கு இது வராது" என்று எழும்பிப் போக எத்தனை பேருக்கு மனம் வரும்? அவர் எழும்பிப் போய் உட்கார்ந்த கதிரை, திரைக்கதை வாசிக்கிற கதிரை. மணித்தியாலத்துக்கு ஐந்து டொலர்.

இந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர்களுக்குக் கட்டுக் கட்டாகக் கதைகள் வரும். எல்லாவற்றையும் வாசிக்க அவர்களுக்கு நேரம் ஏது? அதனால் சம்பளத்துக்கு ஒருவரை வைத்திருப்பார்கள். அவர் ஒவ்வொன்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து, கதையைச் சுருக்கி ஓரிரு தாளில் எழுதி, எடுக்கலாமா விடலாமா, ஏன் என்று கீழே தன் அபிப்பிராயத்தைப் போடவேண்டும். சினிமா உலகில் ஆகக் கீழே உள்ள வேலைகளில் இதுவும் ஒன்று. விளக்கு வெளிச்சம் இல்லை, பெயர் திரையில் வராது.

விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இந்த வேலையின் சுவை தெரியும். கட்டு கட்டாகத் தாள் மேசையில் இருக்கும். முதல் இருபது தாளுக்கு வரிக்கு வரி வாசிப்போம். அறுபதாவது தாள் வரும்போது இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும், இந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறதா, பாடமாக்கி எழுதியிருக்கிறதா என்று. தெரிந்தாலும் கடைசிவரை வாசிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் சில பிள்ளைகள் பிழையான வழியில் போய்ச் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். லான்சிங்கின் மேலதிகாரிகள் அவரிடம் கண்டது அந்தக் கண்ணைத்தான் என்று நினைக்கிறேன். 1970களின் நடுவில் எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் கதைப் பிரிவு, அங்கிருந்து 1977இல் கொலம்பியா. கொலம்பியாவில் அவர் பார்த்துக்கொண்ட படங்களில் இரண்டு 1979இல் வெளிவந்தன. ஒன்று அணுமின் நிலைய விபத்தைப் பற்றிய 'தி சைனா சின்ட்ரோம்'. அது திரைக்கு வந்து பன்னிரண்டாம் நாள் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் உண்மையாகவே விபத்து நடந்தது. மற்றது 'கிரேமர் வெர்சஸ் கிரேமர்', அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் வாங்கியது. தாய் வீட்டை விட்டுப் போக, தகப்பன் பிள்ளையை வளர்க்கிற கதை.

இவ்வளவும் செய்த பிறகுதான் ஃபொக்ஸ் கூப்பிட்டது. நியூயோர்க் ரைம்ஸ் அந்தச் செய்திக்குப் போட்ட தலைப்பில் அவர் பெயருக்குப் பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? 'முன்னாள் மொடல்'. கணக்கு ரீச்சர் இல்லை, கொலம்பியாவின் துணைத் தலைவர் இல்லை. எங்கள் ஊரில் ஒரு பெண் அதிபராக வந்தால் "இன்னாற்ற மனுசியல்லோ" என்பார்களே, அதன் இங்கிலீஷ் அவதாரம்.

முதலாவது பெண் யார் என்றொரு சண்டை எப்போதும் உண்டு. 1919இல் மேரி பிக்ஃபோர்ட், சாப்ளின் முதலானோரோடு சேர்ந்து யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸைத் தொடங்கியதைச் சிலர் சொல்வார்கள். 1987இல் கொலம்பியாவுக்குத் தலைவரான டோன் ஸ்டீலைச் சிலர் சொல்வார்கள். ஃபொக்ஸில் லான்சிங் படத்தயாரிப்புக்கு மட்டும்தான் தலைவர், முழு ஸ்டூடியோவுக்கும் இல்லை என்பது அவர்களின் வாதம். எங்கள் பக்கத்தில் பானுமதி புருஷனோடு சேர்ந்து சென்னையில் பரணி ஸ்டூடியோவையே நடத்தினார். நடித்தார், பாடினார், இயக்கினார், கணக்கும் பார்த்தார். அம்மாவின் தலைமுறைக்கு அவர் என்றால் ஒரு பயம் கலந்த மரியாதை. முதலாவது யார் என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. முதலாவதாக வந்தவருக்குப் பிறகு கதவு திறந்தே இருந்ததா என்பதுதான் கேள்வி. இப்போது யூனிவர்சலில் டொனா லாங்லி இருக்கிறார், அவர் நியமனத்துக்கு யாரும் 'முன்னாள்' ஏதும் தேடிப் போட்டதாக எனக்குத் தெரியவில்லை.

லான்சிங்கின் கதையில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் ஹொலிவூட்டில் இல்லை, சிக்காகோவில் இருக்கிறது. அவருடைய தாய் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1937இல், பதினேழு வயதில் தப்பி வந்த யூதப் பெண். கலியாணம் கட்டி, இரண்டு பெண்பிள்ளைகள். ஷெரிக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தகப்பன் இறந்துபோனார். அவர் வீடு, காணி வாங்கி விற்று, வாடகைக்கு விடும் தொழில் செய்தவர். கூட வேலை செய்த ஆண்கள் வீட்டுக்கு வந்து, தொழிலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சொல்லித் தாருங்கள், நானே நடத்துகிறேன் என்றாராம். ஒன்பது வயதுப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். லான்சிங் இந்தச் சம்பவத்தைச் சொல்லாத பேட்டி குறைவு.

இதை வாசித்த இரவு நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளி விறாந்தையில் கொஞ்ச நேரம் இருந்தேன். ஏனென்றால் 1991இல் நானும் ஒரு வாசலில் நின்று இதையே கேட்டிருக்கிறேன்.

பெரியப்பாவிடம் ஒரு கலர் ரீவி, ஒரு டெக், ஒரு சின்ன ஹொண்டா ஜெனரேற்றர். 1990இல் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றுபோன பிறகு இந்த மூன்றும் வைத்திருந்தவர் ஊரில் ஒரு தியேட்டர் முதலாளிக்குச் சமம். சாமத்தியவீடு, கலியாணவீடு, பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் இரவுக்கு மூன்று படம் என்று பேச்சு. சைக்கிள் கரியரில் ஜெனரேற்றரைக் கட்டி, பின்னால் இன்னொரு சைக்கிளில் ரீவியைச் சாக்கால் சுற்றிக் கொண்டு போவார்கள். ஒருநாள் விடியப்புறம் பெரியப்பாவுக்கு நெஞ்சு நோ. விடிய முன்னமே முடிந்துவிட்டது. பெரியம்மாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் பெரியப்பாவின் தம்பி வந்தார். நல்ல மனுசன்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. முற்றத்து மாமரத்தடியில் நின்றுகொண்டு சொன்னார்: "அண்ணி, மெசினையும் டெக்கையும் நான் கொண்டுபோறன். மாதம் மாதம் ஏதும் தருவன். உங்களுக்கேன் இந்தக் கரைச்சல்."

பெரியம்மா குசினி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். அழுது வீங்கின முகம். "கொண்டுபோக வேண்டாம் தம்பி" என்றார். "அதை ஸ்ரார்ட் பண்ணுற விதத்தை ஒருக்கால் சொல்லித் தாங்கோ."

பெற்றோல் தடை. கறுப்புச் சந்தையில் கிடைத்தால் தங்க விலை. ஜெனரேற்றரை மண்ணெண்ணெயில்தான் ஓட்ட வேண்டும், ஆனால் மண்ணெண்ணெயில் அது எழும்பாது. ஒரு ஊசிக் குழாயில் சில துளி பெற்றோல் எடுத்துக் காபரேற்றருக்குள் விட்டு, சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு கயிறைச் சுண்ட வேண்டும். எழும்பி நான்கைந்து மூச்சு விட்டதும் சோக்கை மெதுவாகத் தள்ளி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் இருமிவிட்டு நின்றுவிடும், பிறகு பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டும். பெரியம்மாவுக்கு அன்றைக்குப் பதினோராவது தரம்தான் எழும்பியது. நான் எண்ணிக்கொண்டு நின்றேன். சீலைத் தலைப்பில் கரி. சித்தப்பா "சரி, பழகிட்டீங்கள்" என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மெசினைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

விதவை என்பதால் பெரியம்மா சாமத்தியவீட்டில் முன்னுக்கு நிற்க முடியாது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவரும் சொல்ல இடம் வைப்பதில்லை. ரீவியை மேசையில் ஏற்றி, வயரைக் கொழுவிவிட்டு, சனம் இருக்கிற இடத்துக்கும் பின்னால் போய், வளவு மூலையில் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் இருப்பார். அங்கிருந்து திரை சின்னப் பெட்டியாகத்தான் தெரியும். வசனம் ஒன்றும் கேட்காது, மெசின் சத்தம். அதனால் அவர் படம் பார்ப்பதில்லை. சனத்தைப் பார்ப்பார். யார் எந்த இடத்தில் மூக்கை உறிஞ்சுகிறார்கள், எந்தப் பாட்டுக்குப் பொடியள் பீடி பத்த எழும்பிப் போகிறார்கள், எந்தச் சண்டைக்குக் குழந்தைகள் தாயின் மடிக்குள் முகத்தை வைக்கிறார்கள். மறுநாள் ஒரு கொப்பியில் எழுதிவைப்பார். எங்கள் ஊரில் கொப்பி என்றால் படக்கொப்பியும் உண்டு, எழுதுகிற கொப்பியும் உண்டு. இது இரண்டாவது. ஒற்றை ரூல் கொப்பி, அட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி. "நல்லம். அழுகை கூட. கலியாணவீட்டுக்கு வேண்டாம்." "முதல் பாதி இழுவை. மூன்றாவதாய்ப் போடலாம், சனம் நித்திரை." "கிழவிமாருக்குப் பிடிச்சுது."

பல வருடம் கழித்து, ஹொலிவூட் ஸ்டூடியோக்கள் படத்தை வெளியிட முன் சாதாரண சனத்தைத் தியேட்டரில் இருத்திப் போட்டுக் காட்டி, அவர்கள் முகத்தையும் அவர்கள் நிரப்பிய படிவத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள் என்று வாசித்தபோது எனக்குப் புதுமையாக இருக்கவில்லை.

லான்சிங்கின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அப்படி ஒரு கதை 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்'. ஃபொக்ஸில் மூன்று வருடம் இருந்துவிட்டு 1982 கடைசியில் விலகினார். அங்கே படங்களை முன்மொழியலாம், கடைசிச் சம்மதம் அவர் கையில் இருக்கவில்லை. பிறகு ஸ்டான்லி ஜாஃபி என்ற தயாரிப்பாளரோடு கூட்டுச் சேர்ந்து பரமவுண்டுக்குப் படம் எடுத்தார். அதில் ஒன்றுதான் இது, 1987இல் வந்தது. கலியாணமான ஒருவன் ஒரு கிழமைக் கடைசியில் இன்னொரு பெண்ணோடு போய்வந்து, பிறகு அவளிடமிருந்து தப்ப முடியாமல் தவிக்கிற கதை. முதலில் எடுத்த முடிவில் அந்தப் பெண் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்வாள், கொலைப்பழி அவன் மேல் விழும். முன்னோட்டக் காட்சியில் சனத்துக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பெண் மேல் அவ்வளவு கோபம், அவளை யாராவது கொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். முடிவை மாற்றி எடுத்தார்கள். அந்த வேடத்தில் நடித்த கிளென் குளோஸ் மாற்றக்கூடாது என்று சண்டைபிடித்து, கடைசியில் நடித்துக்கொடுத்தார். படம் உலகம் முழுக்க 30 கோடி டொலருக்கு மேல் அள்ளியது, ஆறு ஒஸ்கார் பரிந்துரை.

என்னைக் கேட்டால் பழைய முடிவுதான் நேர்மையானது. சனம் கேட்டதைக் கொடுத்ததில் அந்தப் பெண் வெறும் பேயாகிப் போனாள். லான்சிங் அடுத்த வருடமே, கூட்டு வல்லுறவுக்கு ஆளான ஒரு பெண் நீதி கேட்டு நிற்கிற 'தி அக்யூஸ்ட்' படத்தைத் தயாரித்தார், ஜோடி ஃபொஸ்டருக்கு அதற்குத்தான் முதல் ஒஸ்கார். ஒன்றுக்கு மற்றது பிராயச்சித்தமா என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் பெரியம்மாவின் பெறாமகளாகிய நான் இதில் பெரிதாக வாய் திறக்க முடியாது. கலியாணவீட்டில் கதாநாயகி சாகிற படத்தைத்தான் போடவேண்டும் என்று பொடியள் அடம்பிடித்தால் பெரியம்மா மறுக்கமாட்டார். கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன் டெக்கை நிப்பாட்டிவிட்டு, "கசற் சிக்கிப் போச்சு தம்பி" என்பார். எங்கள் ஊரில் ஒரு தலைமுறையே சில படங்களின் கதாநாயகிகள் சுகமாக வாழ்ந்ததாக நினைத்துக்கொண்டு வளர்ந்தது.

இப்போது 'டைட்டானிக்'. இதை எழுதத்தான் நான் தொடங்கினேன் என்று கூடச் சொல்லலாம்.

1995 ஒக்டோபர் கடைசியில் எல்லோரும் இடம்பெயர்ந்து போய், 1996இல் திரும்பி வந்தோம். ரீவியும் ஜெனரேற்றரும் பெரியம்மா கிணற்றடியில் கிடங்கு வெட்டித் தாட்டு வைத்திருந்ததால் தப்பின. டெக் போய்விட்டது, இன்னொன்று வாங்கினார். 1998இல் எங்கள் பக்கம் கரண்ட் இன்னும் ஒழுங்காக வரவில்லை. ஏ9 பாதை பூட்டு. கொழும்புக்குப் போவதென்றால் காங்கேசன்துறையில் கப்பல் ஏறித் திருகோணமலைக்குப் போக வேண்டும். அந்த நாளில் ஒரு வீட்டுக்கு லண்டனிலிருந்து கொழும்பு வந்து, கொழும்பிலிருந்து யாரோ கப்பலில் கொண்டுவந்த இரண்டு கசற் கிடைத்தது. ஒரே படம், இரண்டு கசற்றில். கப்பல் தாழுகிற படம், கப்பலில் வந்து சேர்ந்தது.

இரவில் ஊரடங்கு என்பதால் பகலில்தான் போட முடியும். யன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டி மறைத்தார்கள். வீட்டுக்காரர் பெரியம்மாவிடம் விலை பேச வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"எவ்வளவு நேரம் ஓடுமாம்?" பெரியம்மா கேட்டார்.

"மூண்டேகால் மணித்தியாலமாம் அக்கா."

பெரியம்மா விரலை மடக்கினார். "ரெண்டு போத்தல் எண்ணெய் என்ர கணக்கு. அதுக்கு மேல எவ்வளவு போனாலும் உங்கட கணக்கு. காசைக் கூட்டிக் கேக்கேல்லை, கூட்டித் தரவும் வேண்டாம்."

வீட்டுக்காரர் இரண்டு போத்தல் காணும் என்று நினைத்துச் சம்மதித்தார். படம் ஓடியபோது பொடியள் கப்பல் முனையில் நிற்கிற இடத்தைத் திருப்பிப் போடச்சொல்லி நான்கு தரம் பார்த்தார்கள். கப்பல் பிளக்க முன்னமே இரண்டு போத்தலும் முடிந்துவிட்டது. மூன்றாவது போத்தலை வீட்டுக்காரர் தன் குசினி விளக்குக்கு வைத்திருந்ததிலிருந்து ஊற்றினார். பெரியம்மா வாங்கில் இருந்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தை எடுத்தவர்களும் இதே பேச்சைத்தான் பேசியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரிய எத்தனையோ வருடம் ஆனது. ஜேம்ஸ் கமரோனின் படத்தைத் தொடங்கியது ஃபொக்ஸ். செலவு பயமுறுத்தவே பங்காளி தேடினார்கள். லான்சிங் தலைமையிலிருந்த பரமவுண்ட் வந்தது. அமெரிக்காவில் வெளியிடும் உரிமை பரமவுண்டுக்கு, வெளிநாடுகள் ஃபொக்ஸுக்கு. ஆனால் ஒரு நிபந்தனை: பரமவுண்ட் போடுவது 6.5 கோடி டொலர், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. செலவு ஏறி ஏறி 20 கோடியைத் தொட்டது. மேலதிகம் அத்தனையும் ஃபொக்ஸின் தலையில். 1997 ஜூலையில் வரவேண்டிய படம் டிசெம்பர் 19க்குத் தள்ளிப்போனது. பத்திரிகைகள் கப்பலோடு சேர்த்து இரண்டு ஸ்டூடியோக்களையும் தாழ்த்தி எழுதின. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும், பதினொரு ஒஸ்கார், அதுவரை எந்தப் படமும் காணாத வசூல். இந்த 6.5 கோடி எல்லையைப் போட்ட பெருமை லான்சிங்குக்கு மட்டும் உரியது இல்லை. காசுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் அவரோடு வேலை செய்த ஜொனதன் டோல்ஜன். கதையை நம்புகிறவர் ஒருவர், எண்ணெயை அளக்கிறவர் ஒருவர். பெரியம்மாவுக்கு அந்த வசதி இருக்கவில்லை, இரண்டும் அவர்தான்.

லான்சிங் இருந்த காலத்தில் பரமவுண்டின் மூன்று படங்கள் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் எடுத்தன: 'ஃபொரெஸ்ட் கம்ப்', 'பிரேவ்ஹார்ட்', 'டைட்டானிக்'. நான்கு வருடத்துக்குள் மூன்று. ஒரு ஸ்டூடியோத் தலைவர் கமெராவுக்குப் பின்னால் நிற்பதில்லை, ஒரு வசனம் எழுதுவதில்லை. வருகிற நூறு கதையில் தொண்ணூற்றைந்துக்கு "இல்லை" சொல்லி, மிச்சத்துக்குச் சொன்ன "ஓம்" பிழைத்தால் தலை கொடுக்கவேண்டும். அதுவும் தன் காசு இல்லை, பங்குதாரரின் காசு. அவருக்கும் பிழைத்தது. 2003, 2004 அளவில் பரமவுண்டின் படங்கள் வரிசையாக விழுந்தன. செலவைக் கட்டிப் பிடித்துப் பழகிய கை, மற்ற ஸ்டூடியோக்கள் பெரிதாக விட்டு எறிந்த காலத்தில் மிகவும் இறுக்கமாகிவிட்டது என்று எழுதினார்கள். அதில் உண்மை இருக்கலாம். டைட்டானிக்கில் காப்பாற்றிய அதே பழக்கம்தானே. 2004 கடைசியில் விலகப்போவதாக அறிவித்து, அறுபது வயதில் வெளியே வந்தார்.

அப்புறம் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. தாயைப் புற்றுநோய் கொண்டுபோனதால் அந்த ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டும் வேலையில் இறங்கினார். கூடவே, வேலையிலிருந்து ஓய்வுபெறுகிற எஞ்சினியர்களையும் விஞ்ஞானிகளையும் பிடித்து, பயிற்சி கொடுத்து, வசதி குறைந்த பள்ளிக்கூடங்களுக்குக் கணக்கு, விஞ்ஞான ஆசிரியர்களாக அனுப்புகிற என்கோர்ப்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். வாட்ஸ் வகுப்பறையில் விட்ட சோக்கட்டியைத் தேடித் திரும்பி வந்தவர் மாதிரி.

எங்கள் ஊரிலும் காலம் மாறிவிட்டது. 2015இலிருந்து யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. அதை முன்னின்று நடத்துபவரும் ஒரு பெண்தான், அனோமா ராஜகருணா. விழா நாட்களில் கையில் நிகழ்ச்சித் தாளோடு ஓடித்திரிகிற பிள்ளைகளில் என்னிடம் கணக்குப் படித்தவர்களும் இருக்கிறார்கள். ஒருத்தி குறும்படம் எடுக்கிறாள். செலவுக் கணக்கை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, "மிஸ், பிழை பாருங்கோ" என்றாள். பிழை இருந்தது. சாப்பாட்டுச் செலவைப் போட மறந்திருந்தாள்.

பெரியம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. ஜெனரேற்றர் கோடிப்புறத்தில் கறள் பிடித்துக் கிடக்கிறது, விற்க விடமாட்டார். ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் கட்டடத்தில் 2013இல் தியேட்டர் திறந்து கொஞ்ச நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏசிக் குளிருக்குச் சால்வை போர்த்திவிட்டு, பஞ்சுக் கதிரையில் இருத்தினேன். முன்னுக்குத்தான் இருக்கவேண்டும் என்று நான் வரிசையைப் பார்த்து எடுத்த ரிக்கற். விளம்பரம் ஓடும்வரை பேசாமல் இருந்தார். படம் தொடங்கியதும் கழுத்தைத் திருப்பினார். பின்னுக்குப் பார்க்கிறார். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. விரல் மடங்கி மடங்கி விரிகிறது.

"என்ன பெரியம்மா, படம் அங்கால" என்றேன்.

"பொறு மோனை." திரும்பவும் ஒருதரம் எண்ணினார். பிறகு என் காதுக்குள் குனிந்தார். "இருவத்தேழு பேர்தான் இருக்கினம். கரண்டுக் காசுக்கே காணாது. ஆர் இவையளுக்கு இந்தப் படத்தை எடுக்கச் சொன்னது?"